இரவல் வானம்

இணையத்தில் இயற்கைக் காட்சிப் படங்கள் குவிந்து கிடக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு விஷயம் கண்ணில் படும். மலை மாறும், ஏரி மாறும், கோட்டை மாறும், தேசமே மாறும். வானம் மட்டும் மாறாது. கீழே ஆரஞ்சு, நடுவில் ரோஸ், மேலே கருநீலம், அங்கங்கே சீவி விட்ட பஞ்சு மாதிரி மேகம். ஐஸ்லாந்தானாலும் ராஜஸ்தானானாலும் சூரியன் ஒரே மாதிரிதான் மறைகிறது. தூறலுக்கும் மூட்டத்துக்கும் பேர்போன ஸ்காட்லாந்தில் கூட, படங்களை நம்பினால், தினமும் பொன்மாலைதான்!

இந்த வேலைக்கு 'வானத்தை மேம்படுத்துதல்' என்று ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது. எப்படிச் செய்வது என்று சொல்லித்தரும் பாடங்களுக்கும் பஞ்சமில்லை. சிக்கல் என்னவென்றால், இந்த ஒரே பெயருக்குள் இரண்டு வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, கேமரா பதிவு செய்தும் வெளியே தெரியாமல் கிடக்கும் வானத்தை மீட்டு எடுப்பது. இன்னொன்று, அன்றைக்கு அங்கே இல்லவே இல்லாத வானத்தை வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டுவது. முதலாவது புகைப்படக்காரரின் நியாயமான வேலை. இரண்டாவது பொய்க்கணக்கு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிற வரைக்கும், இரண்டாவதைச் செய்கிறவர்கள் முதலாவதைச் செய்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நிம்மதியாக நின்றுகொள்வார்கள்.

வானம் ஏன் வெளுக்கிறது?

முதலில் நியாயமான வேலையைப் பார்த்துவிடலாம். நேரில் பார்க்கும்போது வயலும் தெரிகிறது, மேலே மேகத்தின் மடிப்பும் தெரிகிறது. படத்தில் மட்டும் வானம் வெள்ளைத் தாளாக வந்து நிற்கிறது. புதிதாகக் கேமரா வாங்கிய எல்லோருக்கும் வரும் முதல் ஏமாற்றம் இது.

காரணம் எளிமையானது. பகலில் வானம் தரையைவிடப் பல மடங்கு வெளிச்சமானது. கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். மூளை இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாகக் கொடுக்கும். கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு முறைதான் திறந்து மூடும். தரைக்கு ஏற்ற வெளிச்சத்தை விட்டால் வானம் நிரம்பி வழிந்துவிடும். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்தான். 255-ஐத் தொட்டுவிட்ட இடத்தில் மேகம் இருந்ததா, நீலம் இருந்ததா என்ற தகவலே கிடையாது. இல்லாததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஆனால் ரா கோப்பில் 12 பிட் என்றால் 4,096 படிகள், 14 பிட் என்றால் 16,384 படிகள். கொஞ்சம் ஜாக்கிரதையாக, வானம் வழிந்துவிடாமல் எடுத்து வைத்தால், மேகத்தின் விவரம் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும். பிற்பாடு கணினியில் வானத்தை மட்டும் இருட்டாக்கி, தரையை மட்டும் வெளிச்சமாக்கினால் கண் பார்த்த காட்சிக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். கேமராவை முக்காலியில் நிறுத்தி வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்து இணைப்பதும் இதே ரகம்தான். மேல்பாதி மட்டும் கறுத்த கிரேடுவேட்டட் ஃபில்டர், சூரியனுக்கு 90 டிகிரி திசையில் நீலத்தை நன்றாக ஆழமாக்கும் போலரைசர், எல்லாமே இந்தக் குடும்பம்.

இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு குணம் உண்டு. வேலை முடிந்த பிறகும் படத்தில் இருப்பது அந்த இடத்து வானம், அந்த நேரத்து ஒளி. வானத்தை இருட்டாக்கியவர் அதை மிகையாகவே செய்திருக்கலாம், ரசனைக் குறைவாகக் கூடச் செய்திருக்கலாம். அது ரசனை பற்றிய சண்டை. பொய் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது.

லெ கிரே செய்யவில்லையா? ஆடம்ஸ் செய்யவில்லையா?

ஒட்டு வானத்தைப் பற்றி யாராவது வாய் திறந்தால் உடனே வந்து விழும் முதல் சப்பைக்கட்டு இதுதான். 'புகைப்படம் பிறந்த காலத்திலிருந்தே இதைத்தான் செய்கிறார்கள், நீங்கள் எந்த உலகத்தில் இருக்கிறீர்கள்?' என்பார்கள். சரி, அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பிரான்ஸ்காரர் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் எடுத்த கடல் படங்கள் உலகப் புகழ்பெற்றவை. அவற்றில் சில இரண்டு நெகட்டிவ்களிலிருந்து அச்சிடப்பட்டவை என்பது உண்மை. 1857-இல் செட் நகரக் கடற்கரையில் எடுத்த பேரலைப் படத்தில் கடல் ஒரு நெகட்டிவ், மேகம் ஒரு நெகட்டிவ். ஒரே மேகத்தை வெவ்வேறு கடல்களின் மேல் அவர் பயன்படுத்தியதும் உண்டு. ஆனால் ஏன் அப்படிச் செய்தார்? அன்றைய கொலோடியன் தகட்டுக்கு நீல ஒளிதான் அதிகம் உறைக்கும். கடலுக்கோ நிலத்துக்கோ தேவையான நேரம் திறந்து வைத்தால் வானம் வெந்துபோய் வெறும் வெள்ளையாகிவிடும். ஒரே தகட்டில் இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம். அவருடையது ரசாயனத்தின் நிர்ப்பந்தம். அமெரிக்காவில் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் படமெடுத்த எட்வர்ட் மைப்ரிட்ஜ் கையிருப்பு மேகங்களை வெவ்வேறு மலைகளுக்கு மேல் அச்சிட்டதும் இதே காலத்துக் கதைதான். இன்றைக்கு ரா கோப்பு எடுக்கும் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு லெ கிரேயைச் சாட்சிக்கு அழைப்பது, ஊன்றுகோலோடு நடந்த தாத்தாவைக் காட்டி இருபது வயதுப் பையன் பேருந்தில் முதியோர் இருக்கை கேட்பது மாதிரி.

அடுத்த சாட்சி அன்செல் ஆடம்ஸ். இவரை இழுக்காத விவாதமே இல்லை. 1927-இல் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒரு தகடு, பிறகு ஆழ்ந்த சிவப்பு ஃபில்டர் போட்டு கடைசித் தகடு. சிவப்பு ஃபில்டர் நீல வானத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்கியது. நியூ மெக்ஸிகோவில் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' படத்தில் இன்னும் மேலே போனார். ஆரம்ப காலப் பிரதிகளில் வானம் வெளிறி, மெல்லிய மேகக் கீற்றுகளோடு இருக்கும். வருஷம் போகப்போக அச்சிட்ட பிரதிகளில் வானம் கறுத்துக்கொண்டே போய், மேல் மேகமெல்லாம் இருளில் கரைந்துவிட்டது. ஆகவே ஆடம்ஸ் வானத்தை மாற்றினாரா? மாற்றினார், தாராளமாக மாற்றினார். ஆனால் இரண்டு விஷயத்தை இந்த வாதக்காரர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அவர் செய்ததை ஒளிக்கவில்லை. எந்த ஃபில்டர், எங்கே இருட்டாக்கினார், எங்கே வெளிச்சம் கூட்டினார் என்று புத்தகம் புத்தகமாக எழுதி வைத்தார். 1983-இல் வந்த 'எக்ஸாம்பிள்ஸ்' புத்தகமே 40 படங்கள் உருவான கதைதான். இரண்டு, அந்த நிலா அங்கே இருந்தது.

'இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?' என்று கேட்கிறவர்களுக்காகவே அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு அருமையான கதை நடந்தது. ஆடம்ஸுக்கு இந்தப் படத்தை எடுத்த வருஷம் சரியாக நினைவில்லை. ஒரு இடத்தில் ஒரு வருஷம், இன்னொரு இடத்தில் இன்னொரு வருஷம் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். 1980-களின் தொடக்கத்தில் டேவிட் எல்மோர் என்ற வானியலாளர், படத்தில் நிலா இருக்கும் உயரத்தையும் திசையையும் வைத்துக் கணக்குப் போட்டார். 1941 அக்டோபர் 31 என்று விடை வந்தது. பிறகு 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழின் டென்னிஸ் டி சிக்கோ கேமரா நின்ற இடத்தை இன்னும் துல்லியமாகக் கண்டுபிடித்து, 1991-இல் கணக்கைத் திருத்தினார். 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம்!

எடுத்தவருக்கே மறந்துபோன தேதியை அரை நூற்றாண்டு கழித்து வானம் சொல்லிக்கொடுத்தது. எத்தனை முறை கறுப்பாக்கி அச்சிட்டாலும் அந்தச் சாட்சியம் அழியவில்லை. ஆடம்ஸ் நிலாவை வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டியிருந்தால் அந்த வானியலாளர்கள் என்ன கணக்குப் போட்டிருக்க முடியும்? இருட்டாக்குவதற்கும் ஒட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆடம்ஸை ஒட்டு வானத்துக்குச் சாட்சியாகக் கூப்பிட்டால், அவர் எதிர்த்தரப்புக்குத்தான் சாட்சி சொல்வார்.

மூன்று பெட்டி வானம்

முன்பெல்லாம் வானம் ஒட்டுவது கஷ்டமான வேலை. மரக்கிளைகளுக்கு நடுவே தெரியும் ஒவ்வொரு பொட்டு வெள்ளையையும் தேர்ந்தெடுத்து மாஸ்க் போட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கிளையைச் சுற்றி வெள்ளை விளிம்பு பல்லிளிக்கும். சூரியன் இடது பக்கமிருந்து அடிக்கும், நிழலும் இடது பக்கமே விழும். பார்க்கிறவர் சிரித்துவிடுவார். அந்தக் கஷ்டமே ஒரு வேலியாக இருந்தது.

2019 கடைசியில் வந்த லுமினார் 4 அந்த வேலியைப் பிடுங்கியது. 2020 அக்டோபரில் ஃபோட்டோஷாப்பிலேயே வானம் மாற்றுவதற்கென்று தனி வசதி வந்தது. தேர்ந்தெடுப்பது மென்பொருள், ஒட்டுவது மென்பொருள், கீழே இருக்கும் மலைக்கும் தண்ணீருக்கும் புது வானத்தின் சாயத்தை ஏற்றுவதும் மென்பொருள். உள்ளே தயாராக வைத்திருந்த வானங்கள் மூன்று பெட்டியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நீல வானம், பிரமாண்ட வானம், அந்தி வானம். சாதாரண வானத்துக்குப் பெட்டி இல்லை!

தரைக்குச் சாயம் ஏற்றுவதுதான் இதில் விஷமமான பகுதி. வானத்தை மாற்றுவது ஒரு பொய். அந்தப் பொய்க்குத் தரையையும் சாட்சி சொல்லப் பழக்குவது அடுத்த பொய். பழைய போலிகள் மாட்டிக்கொண்டதே ஒளி பொருந்தாததால்தான். 2012-இல் பிரிட்டனின் 'லேண்ட்ஸ்கேப் போட்டோகிராபர் ஆஃப் த இயர்' போட்டியில் நடந்தது அதுதான். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் தீவில், கவிழ்த்துப் போட்ட படகுகளும் பின்னால் கோட்டையும் தெரியும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு முதல் பரிசு, 10,000 பவுண்ட், அறிவித்தார்கள். படம் வெளியானதும் மற்றப் புகைப்படக்காரர்கள் உற்றுப் பார்த்தார்கள். தரையில் விழும் ஒளி ஒரு கதை சொன்னது, வானம் வேறு கதை சொன்னது. மேகம் ஒட்டப்பட்டது என்று தெரிந்ததும் படம் தகுதி இழந்தது, பரிசு வேறு படத்துக்குப் போனது. விதிகளைச் சரியாகப் படிக்கவில்லை என்று எடுத்தவர் ஒப்புக்கொண்டார். அந்தப் போட்டி நடந்தபோது ஒளியைச் சரிக்கட்டும் மென்பொருள் இல்லை. இருந்திருந்தால் பரிசு அவரிடமே இருந்திருக்குமோ என்னவோ...

'இது என்ன செய்தியா? இயற்கைக் காட்சிதானே!'

இரண்டாவது சப்பைக்கட்டு இது. செய்திப் படத்தில் வானத்தைத் தொட்டால் வேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2006-இல் மட்டும் இரண்டு சம்பவங்கள். அமெரிக்காவின் 'சார்லட் அப்சர்வர்' நாளிதழில், தீயணைப்பு வீரர் ஒருவரின் நிழலுருவத்துக்குப் பின்னால் பழுப்பும் சாம்பலுமாக இருந்த காலை வானத்தைச் செக்கச்செவேலென்று ஆக்கிய புகைப்படக்காரரை வேலையை விட்டு நீக்கினார்கள். இத்தனைக்கும் அவர் எதையும் ஒட்டவில்லை, நிறத்தைத்தான் மாற்றினார். அடுத்த மாதம் ராய்ட்டர்ஸ். பெய்ரூட் நகரின் மேல் எழுந்த புகையை நகலெடுத்து நகலெடுத்துப் பெருக்கிக் காட்டிய படம் பிடிபட்டதும், அதை எடுத்தவரின் 920 படங்களையும் மொத்தமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டது நிறுவனம். ஒரு வானத்தில் பொய் சொன்னவரின் மற்ற படங்களை எப்படி நம்புவது என்பதுதான் காரணம்.

'அது செய்தி, இது இயற்கைக் காட்சி, அழகுக்காக எடுப்பது' என்கிறார்கள். இயற்கைக் காட்சி எப்போது செய்தியாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? 2020 செப்டம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் விடிந்தும் விடியவில்லை. காட்டுத்தீயின் புகை மேலே பரவி நீல ஒளியையெல்லாம் தடுத்துவிட, நகரமே ஆரஞ்சு நிறத்தில் மூழ்கியது. மக்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். படத்திலோ வானம் வெறும் சாம்பலாக வந்தது! 'இவ்வளவு ஆரஞ்சு இருக்க முடியாது, இது வெள்ளைச் சமநிலைக் கோளாறுதான்' என்று போனில் இருந்த மென்பொருள் தானாகவே 'திருத்தி'விட்டது. வானம் எப்படி இருக்க வேண்டும் என்று கருவிக்கு ஒரு அபிப்பிராயம் வந்துவிட்டால், வானம் எப்படி இருந்தது என்பது தொலைந்துபோகும். நடந்ததை நம்பவைக்க அன்று மக்கள் கேமராவோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இன்னும் பழைய கதை ஒன்று. 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்தது. அதன் தூசி உலகம் முழுக்கப் பரவி, பல மாதம் அந்தி வானத்தின் நிறத்தையே மாற்றியது. லண்டனில் செல்சி பகுதியில் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் தேம்ஸ் கரையில் நின்று, நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் அந்த வானத்தை 500-க்கும் மேற்பட்ட சாக்பீஸ் ஓவியங்களாக வரைந்து தள்ளினார். எரிமலை பற்றி ராயல் சொசைட்டி 1888-இல் வெளியிட்ட அறிக்கையில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. 2007-இல் கிரேக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். 1500 முதல் 1900 வரை வரையப்பட்ட அந்தி வான ஓவியங்களில் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை அளந்து, எரிமலைகள் வெடித்த காலத்துக் காற்றில் இருந்த தூசியை மதிப்பிட்டார்கள்.

இதன் அர்த்தம் என்ன? கற்பனைக்கு முழு உரிமை இருந்த ஓவியர்கள் கூட, கண்ணால் கண்ட வானத்தை ஓரளவு விசுவாசமாக வரைந்தார்கள். அதனால் அவர்களுடைய ஓவியம் நூற்றாண்டு கடந்து அறிவியலுக்கு உதவுகிறது. இன்றைக்கு டெல்லியின் குளிர்காலத்தை நினைத்துப் பார்க்கலாம். நுண்தூசி ஒளியை எல்லாத் திசைக்கும் சிதறடிப்பதால் வானம் நீலத்தை இழந்து பால் வெள்ளையாக, பழுப்பாக நிற்கிறது. அந்த வெளுப்பு படத்தின் குறை என்று நினைத்து நீலத்தை ஒட்டுகிறவர், நோயாளியின் எக்ஸ்ரேயில் இருக்கும் கறையை அழகுக்காக அழிக்கிறவருக்குச் சமம். நூறு வருஷம் கழித்து ஒருவர் இந்தக் காலத்துப் படங்களை அடுக்கி வைத்துக் காற்றின் நிலையை அறிய முயன்றால், கோடிக்கணக்கான படம் இருக்கும், தகவல் இருக்காது. எண்ணெய்ச் சாய ஓவியத்துக்கு இருக்கும் நம்பகத்தன்மை புகைப்படத்துக்கு இல்லாமல் போவதைவிடக் கேவலம் வேறென்ன?

யாருக்கு என்ன நஷ்டம்?

மூன்றாவது கேள்வி இது. இதற்கு வணிகவியல் முதலாண்டுப் பாடத்திலேயே பதில் இருக்கிறது.

ஒரு நிறுவனம் தேய்மானத்தை நேர்கோட்டு முறையிலும் கணக்கிடலாம், குறைந்து செல் மதிப்பு முறையிலும் கணக்கிடலாம். லாபம் வேறு வேறாகத் தெரியும். ஆனாலும் இரண்டும் நேர்மைதான். ஏனென்றால் இயந்திரம் இருக்கிறது, எந்த முறை என்பதும் அறிக்கையில் சொல்லப்படுகிறது. கணக்கியல் கொள்கைகளை வெளிப்படுத்த வேண்டும் என்பதுதான் இந்தியக் கணக்கியல் தரநிலைகளில் முதலாவது. வானத்தை இருட்டாக்குவது இந்த ரகம். இல்லாத வங்கி இருப்பை இருப்புநிலைக் குறிப்பில் ஏற்றுவது வேறு ரகம். 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் தலைவர், ஏட்டில் இருந்த 5,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பணம் நிஜத்தில் இல்லை என்று கடிதம் எழுதியபோது, 'அதுவும் ஒரு கணக்கு முறைதானே' என்று யாரும் சமாதானம் சொல்லவில்லை.

நஷ்டம் யாருக்கு என்பதற்கு ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இலேயே பதில் எழுதிவிட்டார், 2001-இல் நோபல் பரிசும் வாங்கினார். பழைய கார் சந்தையில் நல்ல வண்டி எது, ஓட்டை வண்டி எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் எல்லா வண்டிக்கும் ஒரே நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலை நல்ல வண்டிக்காரருக்குக் கட்டாது, அவர் சந்தையை விட்டே போய்விடுவார். கடைசியில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள்.

புகைப்படச் சந்தையில் இன்றைக்கு நடப்பது அதுவேதான். ஒருவர் இருட்டிலேயே எழுந்து, குளிரில் மலையேறி, மூன்று நாள் மேகம் விலகாமல் திரும்பி வந்து, நான்காம் நாள் இரண்டு நிமிஷம் கிடைத்த ஒளியைப் பிடிக்கிறார். இன்னொருவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எடுத்த படத்தில் மூன்றாவது பெட்டியிலிருந்து ஒரு வானத்தை எடுத்துப் போடுகிறார். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. சொல்லப்போனால் இரண்டாவது படம்தான் இன்னும் 'அழகாக' இருக்கும். இரண்டுக்கும் ஒரே விலை, ஒரே பாராட்டு. அப்புறம் முதலாமவர் எதற்கு மலையேற வேண்டும்? இன்னும் மோசம் என்னவென்றால், நிஜமாகவே அபூர்வமான வானத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவரைப் பார்த்தும் 'ஃபோட்டோஷாப்தானே?' என்று கேட்கிறார்கள். கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும் என்ற கிரஷாம் விதி வானத்துக்கும் பொருந்துகிறது.

வாங்குகிறவர் பக்கமும் நஷ்டம் உண்டு. சுற்றுலா விளம்பரத்தில் ஒரு வானத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தைச் சேர்த்துப் போகிறவர் அங்கே வேறு வானத்தைப் பார்க்கிறார். வீடு விற்கும் விளம்பரத்தில் பளிச்சென்ற நீலத்தைப் பார்த்து வருகிறவர், பக்கத்துத் தொழிற்சாலையின் புகையைக் குடிவந்த பிறகுதான் பார்க்கிறார். உணவுப் பொட்டலத்தில் கலப்படம் செய்தால் தண்டனை. காட்சியில் கலப்படம் செய்தால் 'கிரியேட்டிவ்' என்று பாராட்டு!

'கலைஞனின் சுதந்திரம்' என்றால்?

தாராளமாக. ஒட்டி உருவாக்கும் படங்களில் அற்புதமான கலைப் படைப்புகள் உண்டு. யாரும் அதைத் தடுக்கவில்லை. மூன்று கோள்களும் இரண்டு சூரியன்களும் வைத்துக்கூடச் செய்யட்டும். பெயரை மட்டும் மாற்றிச் சொல்லக் கூடாது. நாவல் எழுதுகிறவர் அதை வாழ்க்கை வரலாறு என்று விற்றால்தான் பிரச்சினை. ஒட்டுப் படத்தை ஒட்டுப் படம் என்று சொல்ல இவ்வளவு தயக்கம் ஏன்? சொன்னால் மதிப்பு குறையும் என்ற பயம்தானே? அப்படியானால் அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? 'இது நிஜம்' என்று பார்க்கிறவர் நம்பியதிலிருந்து. அந்த நம்பிக்கையை வாங்கிக்கொண்டு அதற்குரிய சரக்கைக் கொடுக்காமல் விடுவதற்குச் சுதந்திரம் என்று பெயர் கிடையாது.

'ஃபிலிம் மட்டும் யோக்கியமா? 1990-இல் வந்த வெல்வியா நிறத்தை அள்ளிக் கொட்டவில்லையா?' என்று கேட்பவர்களும் உண்டு. கொட்டியது. ஆனால் இருந்த அந்தியைத்தான் மிகைப்படுத்தியது. வெறும் வெள்ளை வானத்தை வெல்வியாவில் எடுத்தால் வெள்ளையாகத்தான் வரும்.

என்ன செய்யலாம்?

மென்பொருளைத் தடை செய்யச் சொல்வது மடத்தனம். கேட்க வேண்டியது ஒரே ஒரு விஷயம், வெளிப்படைத்தன்மை. பிரான்ஸில் 2017 அக்டோபர் முதல், விளம்பர மாடலின் உடலைக் கணினியில் ஒல்லியாக்கியோ குண்டாக்கியோ காட்டினால் 'திருத்தப்பட்ட படம்' என்று போட்டே ஆகவேண்டும். இடுப்புக்கு உள்ள மரியாதை இமயமலைக்கு ஏன் கூடாது? சுற்றுலா, வீட்டுமனை விளம்பரங்களில் வானம் மாற்றப்பட்டிருந்தால் படத்தின் ஓரத்தில் அதைச் சொல்லச் செய்ய வேண்டும். போட்டி நடத்துகிறவர்கள் பரிசுக்கு முன்பே ரா கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும். 2021-இல் தொடங்கிய சி2பிஏ என்ற கூட்டமைப்பு, படம் எந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது, பிறகு என்னென்ன மாற்றம் நடந்தது என்பதைக் கோப்புக்குள்ளேயே முத்திரையிட்டு வைக்கும் தரநிலையை உருவாக்கியது. 2023-இல் லைக்கா எம்11-பி கேமரா அந்த முத்திரையோடு வெளிவந்தது. கருவி இருக்கிறது, கேட்கிற வாடிக்கையாளர்தான் குறைவு.

சாமானியப் புகைப்படக்காரருக்கு இந்த முத்திரை கூடத் தேவையில்லை. படத்துக்குக் கீழே 'வானம் வேறு படத்திலிருந்து' என்று மூன்று வார்த்தை எழுதினால் போதும், இந்தக் கட்டுரையின் சண்டை முழுவதும் அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கும் மேலே, வெளுத்த வானத்தைக் கண்டு பயப்படுவதை நிறுத்தலாம். மேகமூட்டமான நாள் அருவிக்கும் காட்டுக்கும் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த ஒளி. நிழல் வெட்டாது, பச்சை ஊறித் தெரியும். வானம் வெறுமையாக இருந்தால் அதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டுத் தரையை எடுக்கலாம். கறுப்பு வெள்ளைக்கு மாறலாம். மறுநாள் திரும்பி வரலாம். அந்த வெறுமையையே விஷயமாக வைத்து எடுக்கலாம், மூடுபனியில் கரைந்து நிற்கும் ஒற்றை மரத்துக்கு எந்த அந்தி வானமும் தேவைப்பட்டதில்லை.

மப்பு, மந்தாரம், மூட்டம், கருக்கல், செக்கர், கார் என்று வானத்தின் முகங்களுக்குத் தமிழில் தனித்தனிச் சொல் உண்டு. நீலமும் செம்மையும் மட்டும்தான் வானம் என்று நம்பிய கூட்டத்துக்கு இத்தனை சொல் தேவைப்பட்டிருக்காது. மழை வருமா, விதைக்கலாமா, துணி காயப் போடலாமா, கடலுக்குப் போகலாமா என்று அண்ணாந்து பார்த்துப் பார்த்துச் சேர்த்த சொற்கள் அவை. மென்பொருளோ எல்லாவற்றையும் மூன்று பெட்டிக்குள் அடக்கி, மீதியெல்லாம் குறை, திருத்த வேண்டியது என்கிறது. அந்த மீதியில்தான் வருஷத்தின் பெரும்பாலான நாட்கள் இருக்கின்றன.